திரும்பி வரும் கப்பல்களுக்கு வைத்த பெயர்கள்

என் தம்பி ஐந்து கப்பல்களை வானத்துக்கு அனுப்பினான். நான்கு திரும்பி வந்தன. ஐந்தாவது சனிக் கிரகத்தைத் தாண்டி நின்றபோது அவன் இறந்துவிட்டான். அவனுக்கு இருபத்திரண்டு வயது.

மூன்று மாதம் கழித்துச் சென்னையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவனுடைய கதைகளை அச்சிட்ட மாதப் பத்திரிகையின் ஆசிரியர் எழுதியிருந்தார். முதல் பத்தி அனுதாபம். அதன் பிறகு எண் போட்டு மூன்று விஷயங்கள். ஒன்று, கதைகளைச் சேர்த்துச் சிறு புத்தகமாகக் கொண்டுவர நினைக்கிறார். இரண்டு, புத்தகம் நூலகங்களுக்குப் போகும் என்பதால் முதல் நான்கு கப்பல்களின் பெயர்களைக் கண்ணியமாக மாற்ற வேண்டும். மாற்றுப் பெயர்களையும் அவரே குறித்திருந்தார். மூன்று, ஐந்தாவது கதைக்கு முடிவு இல்லை. நான் எழுதிக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் அனுபவமுள்ள ஒருவரை வைத்து முடித்துக்கொள்வார். சம்மதமென்றால் என் கையெழுத்தும் அம்மாவின் கைரேகையும் அடுத்த மாதக் கடைசிக்குள் வர வேண்டும்.

எண் போட்ட கடிதமாக இருந்ததால் என்னால் படிக்க முடிந்தது. அந்த மூன்று மாதமும் எண் போடாத எதுவும் எனக்குள் இறங்கவில்லை.

நான் உத்திரமேரூரில் பாசனப் பிரிவு அலுவலகத்தில் டிரேசர். ஏரிகளின் படங்களை, மதகு, கலங்கல், கரை, வாய்க்கால் எல்லாவற்றையும், பென்சில் படத்தின் மேல் மெழுகுத் துணி விரித்து மசியால் பிரதி எடுப்பது என் வேலை. சென்னையில் விடுதியில் தங்கி இரண்டு வருடம் இதற்காகப் படித்தேன். டிரேசர் எதையும் புதிதாக வரையக் கூடாது. கீழே இருக்கும் கோடு கோணலாக இருந்தால் மேலே போடும் கோடும் கோணலாகத்தான் இருக்க வேண்டும். இதைத்தான் முதல் வாரம் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

தம்பிக்கு ரைஸ் மில்லில் வேலை. ஆயில் இன்ஜினை ஓட்டுவான். காலையில் சக்கரத்தைச் சுற்றிக் கிளப்புவான், பேரிங்குக்கு எண்ணெய் விடுவான், சூடு ஏறினால் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவான். எட்டாம் வகுப்புவரைதான் படித்தான். ஒரு மனிதன் பூமியைச் சுற்றி வந்துவிட்டான் என்ற செய்தி பேப்பரில் வந்தபோது, மில்லில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பல முறை படித்திருக்கிறான். அடுத்த வாரம் ஒரு கோடு போடாத நோட்டு வாங்கி வந்தான்.

அவன் எழுதிய விண்கப்பல்களில் எல்லாம் ஆயில் இன்ஜின் இருந்தது. தோல் பெல்ட் இருந்தது. தண்ணீர்த் தொட்டி இருந்தது.

"காத்தே இல்லாத எடத்துல இன்ஜின் எப்பிடிடா எரியும்?" என்று கேட்டேன்.

"நீ ஏரிக்குப் படம் போடு க்கா. கப்பல நான் பாத்துக்கறேன்."

"பெல்ட் அறுந்தா?"

"ஸ்பேர் பெல்ட் கீது. மூணாம் பக்கத்துல எய்திகீறேன். படிக்காமலே கேள்வி கேக்கற."

எங்கள் வீடு சாலவாக்கம் போகிற ரோட்டில், ஊரை விட்டுத் தள்ளிய காலனியில் இருந்தது. அக்கா இருவரும் கல்யாணமாகி ஒருத்தி தென்னேரிக்கும் இன்னொருத்தி திருமுக்கூடலுக்கும் போய்விட்டார்கள். நைனா எனக்குப் பத்து வயதில் இறந்துவிட்டார். வீட்டில் நாங்கள் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில்தான் மூவரும் ஒன்றாக உட்கார்ந்திருப்போம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டே தம்பி படிப்பதைக் கேட்பாள்.

முதல் கதையை அவன் படித்த நாள் எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது. கப்பல் நிலாவுக்குக் கிளம்புகிறது. அதன் பெயர் விண்மணி என்று எழுதியிருந்தான். அம்மாவின் கை முறத்தில் நின்றது.

"இன்னா பேரு சொன்ன?"

"விண்மணி. நல்லால்ல?"

"அயகா கீதுடா. அதான் பயமா கீது. இவ்ளோ அயகா பேர வெச்சி அனுப்பினா அது வூடு வந்து சேருமா? போற வயில எவன் கண்ணாவது பட்ரும்."

"மேல எவம்மா கீறான் கண்ணு வெக்க?"

"மேல கீறவன்தாண்டா வெக்கறான். கீய கீறவன் கண்ணுக்குச் சுத்திப் போட்டுக்கலாம்."

தம்பி சிரித்தான். "சரி, நீயே ஒரு பேர வெய்யி."

"குப்பைன்னு வெய்யி. எவனும் தொட மாட்டான்."

அவன் விண்மணியை அடித்துவிட்டுக் குப்பை என்று எழுதினான். விளையாட்டாகத்தான் எழுதினான் என்று நினைக்கிறேன். கதையின் கடைசியில் குப்பை எங்கள் ஏரியின் நடுவில், கோடையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் தரையில் வந்து இறங்கியது. கடைசி வரி: "குப்பை வந்து சேர்ந்தது. இன்ஜின் சூடாக இருந்தது." அம்மா மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள். பிறகு வந்த மூன்று கதைகளும் அதே வரியில்தான் முடிந்தன, கப்பலின் பெயர் மட்டும் மாறி. தவிடு, பிச்சை, மூக்கன், எல்லாப் பெயரும் அம்மா வைத்தது.

பத்திரிகை நான்கையும் அந்தப் பெயர்களோடுதான் அச்சிட்டது. வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் என்ன மறைந்திருக்கிறது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ஒருவர், பிரபஞ்சத்தில் பூமி ஒரு குப்பைதான் என்று எழுத்தாளர் உணர்த்துவதாகச் சொன்னார். ஒரு கல்லூரி ஆசிரியர், ஆத்மா அரிசி என்றால் உடம்பு தவிடு என்று ஒன்றரைப் பக்கம் எழுதினார். பிச்சை என்ற பெயர் நாடுகளுக்கிடையிலான கடனைக் குறிக்கிறதா என்று ஒருவர் கேட்டார். மூக்கன் என்ற பெயரை ஓர் இன்ஜினீயரிங் மாணவர் மிகவும் பாராட்டியிருந்தார்; ராக்கெட்டின் முனை எப்படி இருக்க வேண்டும் என்பது இந்த எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறது என்றார். தம்பி அந்தக் கடிதங்களை மில்லுக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் படித்துக் காட்டினான். யாருக்கும் பதில் போடவில்லை.

அவர்களுக்குத் தெரியாததை நான் ஆசிரியருக்கு எழுதினேன். அவர் கடிதம் வந்த அன்றே பட்டியலாக எழுதி வைத்தேன். அதை இங்கேயும் தருகிறேன்.

குப்பை: எனக்கு அடுத்துப் பிறந்த ஆண் குழந்தை மூன்றாம் நாள் இறந்துவிட்டது. அதற்கடுத்துப் பிறந்தவன் தம்பி. பிறந்த அன்றே அவனைக் குப்பை மேட்டில் கிடத்தினார்கள். வேண்டாமென்று வீசியதை யார் எடுத்துப்போவார்கள்? எமனும் எடுத்துப்போக மாட்டான் என்பது கணக்கு.

தவிடு: குப்பை மேட்டில் கிடந்தவனைப் பக்கத்து வீட்டுக்காரி தூக்கிக்கொண்டாள். அம்மா ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கினாள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்கு மதிப்பில்லை. அடுத்தவர் பிள்ளை வேறு.

பிச்சை: ஏழு வீட்டில் கை நீட்டி வாங்கிய பழந்துணியைத்தான் அவன் முதல் வருடம் முழுக்கப் போட்டுக்கொண்டான்.

மூக்கன்: ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்தினால் அங்கஹீனம். குறையுள்ளதை மேலே இருப்பவன் கேட்க மாட்டான். தம்பியின் மூக்கில் அந்தத் துளை கடைசிவரை தூர்ந்தும் தூராமலும் இருந்தது. நான்காவது கப்பலின் முனையில் எதற்கும் உதவாத ஓர் இரும்பு வளையம் இருக்கும். அது எதற்கு என்று நான் கேட்டபோது, "யம்மா மாட்டச் சொல்லிச்சி" என்றான்.

ஐந்தாவது பெயருக்கு வருகிறேன்.

நான்காவது கதை வந்த பிறகு பத்திரிகை ஆசிரியர் ஒரு கார்டு போட்டிருந்தார். ஆண்டு மலருக்கும் அடுத்த இதழுக்குமாக நீண்ட கதையை இரண்டு பகுதியாக எழுதித் தரும்படி கேட்டிருந்தார். வண்ணப்படம் போடப்போவதால் இந்த முறை கப்பலுக்குக் கம்பீரமான பெயர் தேவை என்றும் எழுதியிருந்தார். தம்பி கார்டை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். பிறகு என் அலுவலக வாசலுக்கு வந்தான். கை முழுக்க இன்ஜின் எண்ணெய்.

"பொற்சுடர்னு வெச்சிட்டேன் க்கா."

"அம்மாவுக்கு?"

"அதுக்கு வேற பேர வெச்சிப் படிச்சிக் காட்டறேன். அதுக்கு இன்னா, அச்சப் பாக்கவா போவுது? நீ சொல்லாத."

"சரி" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். கேட் அருகில் நின்று ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினான். கப்பலுக்கு என் பெயரை வைத்திருந்தான். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயர் அல்ல; அது தலைமையாசிரியர் கொடுத்தது. பிறந்தபோது வீட்டில் வைத்த பெயர். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் எங்கள் பக்கத்தில் வைக்கிற பெயர். இனிப் பெண் பிள்ளை அனுப்பாதே என்று மேலே இருப்பவனுக்குச் சொல்லும் பெயர். அது இன்ன சொல் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் அதை இங்கே எழுதவில்லை.

அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அந்தப் பேரு வெச்சதாலதான்டா நீ பொறந்த. நல்ல ராசியான பேரு."

"அது வெச்சி மொதல்ல வந்தவன் போய்ட்டானேம்மா" என்றேன்.

"ரெண்டாவது வந்துச்சில்ல? நீ சும்மா கெட. உன் கப்பலு சனிக் கெரகம் இன்னா, அதுக்கு அப்பாலயும் போயி வரும். எவன் கேக்கப் போறான் அத்த?"

"பாத்தியா க்கா, உனக்கு எங்கியும் கிராக்கி இல்ல" என்றான் தம்பி.

மூவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

ஆண்டு மலர் வந்தபோது அவனுக்குக் கண் மஞ்சளாகியிருந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். நாலு நாள் உப்பில்லாமல் கஞ்சி குடித்தான். பிறகு வாந்தி நிற்கவில்லை. காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு நாள் இருந்தான்.

ஆறாம் நாள், மில்லில் அவனோடு வேலை பார்த்தவர் ஆண்டு மலரைக் கொண்டுவந்தார். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தேற்றத்தான் அவர் படித்தார்.

"பாரும்மா, உம் புள்ள எய்தனது கலர் படத்தோட கீது. கேளு. 'பொற்சுடர் புறப்பட்டது...'"

"இன்னா சுடரு?"

"பொற்சுடரு. கப்பல் பேரும்மா. ஷோக்கா கீதுல்ல?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூஜாவில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அவர் பக்கம் முடியும்வரை படித்தார். அம்மா எழுந்தாள். போர்வையை இழுத்துத் தம்பியின் பாதங்களை மூடிவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் கொண்டுவந்த பையில் இருந்தவை: துண்டு ஒன்று, அலுமினியத் தூக்கு ஒன்று, மூடியில்லாத பேனா, ஐந்தாவது கதையின் கைப்பிரதி, ஆண்டு மலர். கைப்பிரதியில் இரண்டாம் பகுதியும் பெரும்பாலும் எழுதியிருந்தான். சனியைத் தாண்டியதும் கப்பலிலிருந்து சத்தம் நின்றுவிடுகிறது. கீழே ஏரிக்கரையில் ஜனங்கள் காத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பக்கத்தின் பாதியில் எழுத்து நிற்கிறது.

காரியம் முடிந்து நான்கு நாள் கழித்து, கை பம்பில் நான் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்.

"பேர மாத்திட்டானா?"

"பத்திரிகைக்காரங்க கேட்டாங்கம்மா."

"உனக்குத் தெரிமா?"

"தெரியும்."

குடம் நிறைந்துவிட்டது. அவள் அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். மறுநாள் நடவுக்குப் போனாள். அதற்குப் பிறகு என்னைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. பத்து நாளைக்கு ஒரு தரம், சோறு போடும்போதோ தலை வாரும்போதோ, ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"அந்தக் கப்பலு வந்துச்சா?"

"இல்லம்மா."

பெயருக்கும் மஞ்சள் காமாலைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஈரல் எப்படிக் கெடுகிறது என்று டாக்டர் சொன்னதை எழுதியும் வைத்திருக்கிறேன். அதை அம்மாவிடம் ஒரு தரம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். "சரிதான்" என்றாள். அடுத்த பத்தாம் நாள் மறுபடி கப்பலைப் பற்றித்தான் கேட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆசிரியரின் கடிதம் வந்தது. கைரேகை வேண்டியிருந்ததால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. புத்தகம் வருவதில் அவளுக்குச் சந்தோஷமா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. மாற்றுப் பெயர்களைப் படித்தேன். குப்பைக்குப் பதில் ககனவேகம். தவிட்டுக்கு வெண்தாரகை. பிச்சைக்கு வான்கொடை. மூக்கனுக்கு முகில்முகன்.

"இதெல்லாம் யாரு புள்ளைங்க?" என்றாள்.

"அதே கப்பலுங்கதாம்மா. பேரு மட்டும் வேற."

"நாலும் வூடு வந்து சேந்திச்சி. வந்ததையும் அனுப்பிட சொல்றாரா அவுரு?"

"புஸ்தகம் வரணும்னா..."

"அஞ்சாவது வரட்டும். அப்பால ரேக வெக்கறேன்."

சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கடிதத்தின் கீழே அவள் கட்டைவிரலுக்கு விட்டிருந்த இடம் காலியாக இருந்தது.

இரண்டு வாரம் யோசித்தேன் என்று சொல்லலாம். உண்மையில் யோசிக்கவில்லை. சாலவாக்கம் ஏரியின் படம் ஒன்று அவசரமாக வேண்டுமென்று மேலிடத்தில் கேட்டார்கள், அதைப் போட்டுக்கொண்டிருந்தேன். மதகு விவரத்துக்குக் கீழே ஒரு குறிப்பு எழுத வேண்டும். போன வருடப் படத்தில் அதே குறிப்பு இருந்ததால் அதை அடியில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பிரதி எடுத்தேன். தேதி மட்டும் வேறு. எங்கள் அலுவலகத்தில் தினமும் நடப்பதுதான். எடுத்து முடித்துப் பேனாவைத் துடைக்கும்போது, கதைக்கும் இப்படிச் செய்யலாம் என்று தோன்றியது.

நான் கதை எழுதுகிறவள் இல்லை. அனுபவமுள்ள வேறொருவர் எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் நான்கு கதைகளுக்கும் கடைசி வரி ஒன்றே. அது தம்பி கைப்படவே நான்கு இடத்தில் இருந்தது.

சுருளின் கடைசியில் வெட்டி எறியும் டிரேசிங் தாள் துண்டுகளைச் சேர்த்தேன். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் வீட்டிலேயே பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். கைப்பிரதியின் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தாளை விரித்து அவன் எழுத்தை அப்படியே எடுத்தேன். அவன் 'ற'வின் காலை இழுத்துவிடுவான், இழுத்தேன். அடித்த இடத்தில் அடித்தேன். இன்ஜின் எண்ணெய்க் கறை இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். பொற்சுடர் என்று வரும் இடங்கள் பத்தொன்பது. அந்த இடங்களில் தாளை நகர்த்தி, அவன் அம்மாவிடம் படித்த பெயரை எழுத்தெழுத்தாக அவனுடைய மற்றச் சொற்களிலிருந்து எடுத்து வைத்தேன். முதல் எழுத்து இரண்டாம் பக்கத்தில் ஒரு சொல்லிலிருந்து, அடுத்தது ஏழாம் பக்கத்திலிருந்து என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். ஒன்றைக்கூட நான் எழுதவில்லை.

அம்மா முதல் ஞாயிற்றுக்கிழமை பலகையைச் சுற்றிக்கொண்டு போனாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை முறத்தை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா பண்ணிக்கினு கீற?"

"பிரதி எடுக்கறேன்."

"ஆபீஸ் வேலையா?"

"இல்ல."

அவள் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

எழுத்து நின்ற அரைப் பக்கத்துக்குக் கீழே, முதல் கதையின் கடைசி வரியை வைத்து எடுத்தேன். குப்பை என்ற சொல்லுக்குப் பதில் அந்தப் பெயர். அவ்வளவுதான் முடிவு. கரையில் ஜனங்கள் காத்திருக்கிறார்கள், கப்பல் வந்து சேர்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை; எனக்கும் தெரியாது.

பிரதியெடுத்த தாள்களோடு ஆசிரியருக்கு நான்கு வரி எழுதி அனுப்பினேன். ஒன்று, பெயர்களை மாற்ற எங்களுக்குச் சம்மதமில்லை. இரண்டு, காரணங்கள் இணைத்துள்ள பட்டியலில். மூன்று, ஐந்தாவது கதையில் பெயர் மாற்றப்பட்டிருக்கிறது, முடிவு அவனுடைய சொந்த வரி, முதல் கதையிலிருந்து பிரதி எடுத்தது, எடுத்தவள் நான். நான்கு, இப்படியே அச்சிட முடிந்தால் கையெழுத்தும் ரேகையும் அனுப்புகிறோம்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாள்கள் பதிவுத் தபாலில் திரும்பி வந்தன. பட்டியல் மிகவும் உருக்கமாக இருப்பதாகவும், ஆனால் புத்தகத்துக்கு இந்தப் பெயர்கள் உதவாது என்றும் எழுதியிருந்தார். பட்டியலைத் தனியாகப் பத்திரிகையில் போடலாமா என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை.

தபால் வந்தது சனிக்கிழமை. மறுநாள் பிற்பகல் அம்மா முறத்தோடு உட்கார்ந்தபோது, பிரதியெடுத்த தாள்களை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அவனைப்போல் எனக்கு ஏற்ற இறக்கத்தோடு படிக்க வராது. ஏரி விவரம் படிப்பதுபோல்தான் படித்தேன். என் பெயர் வரும் ஒவ்வொரு இடத்திலும் அதையும் அப்படியே படித்தேன். சனியைத் தாண்டிச் சத்தம் நின்ற இடத்தில் அம்மாவின் கை நின்றது. நான் நிறுத்தாமல் கடைசி வரியையும் படித்துவிட்டேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்ஜின் சூடா கீதாமா?"

"சூடா கீதுன்னுதான் எய்திகீறான்."

"ரொம்ப தூரம் போய்ட்டு வருதில்ல," என்றாள். "தொட்டில தண்ணி ஊத்தச் சொல்லு."

கல் பொறுக்கிய அரிசியைப் பானையில் கொட்டினாள். நான் தாள்களைப் பக்க வரிசைப்படி அடுக்கிச் சுருட்டி, படங்களுக்குப் போடுவதுபோல நாடா போட்டுக் கட்டி வைத்தேன். அதன் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.